விளக்கு அணைந்தது, மின்சாரம் போனதா?

புத்தாக்கப் போட்டிக்காகப் படிவம் 4 மாணவன் ஒருவன் தன் படைப்பை என்னிடம் காட்ட வந்தான். ஓர் அர்டுயினோ, ஒரு நீல நிற ரிலே, ஒரு மேசை விளக்கு. கைதட்டினால் எரியும், மறுபடி தட்டினால் அணையும். விளக்கு அணைந்திருந்தபோது, "பல்பைக் கழற்றிக் காட்டட்டுமா சார்?" என்று கையை நீட்டினான். முதலில் பிளக்கை எடு என்றேன். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தால், ரிலேயை நியூட்ரல் கம்பியில் பொருத்தியிருந்தான். விளக்குதான் அணைந்திருந்தது. ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருந்திருக்கிறது.

அவன் எழுதிய நிரலில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரிலே என்ன செய்கிறது என்று பார்ப்போம். அர்டுயினோ ஊனோவின் ஒரு முனையிலிருந்து 20 மில்லிஆம்பியர் அளவுக்கு எடுப்பதுதான் நல்லது. நாம் வாங்கும் 5 வோல்ட் ரிலேயின் கம்பிச்சுருளுக்கோ ஏறக்குறைய 70 மில்லிஆம்பியர் வேண்டும். ஆகவே நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்சாக நிற்கிறது. படிவம் 5 இயற்பியலில் படிக்கும் அதே தானியங்கிச் சுவிட்சுதான். சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் தேனிரும்பு உள்ளகம் காந்தமாகி, இரும்புத் தகட்டை இழுக்கிறது. 'டக்' என்று தொடுமுனைகள் சேர்கின்றன. இரண்டாவது சுற்று முழுமையடைகிறது. மின்னோட்டம் நிற்கும்போது சுருளில் எதிர்த்திசையில் ஓர் உயர் மின்னழுத்தம் எழும். அது டிரான்சிஸ்டரைக் கெடுக்காமலிருக்கச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு இருக்கும்.

தேர்வு எழுதுவோர் கவனிக்க: "ரிலே 5 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்துகிறது" என்று எழுதிவிடாதீர்கள். நிறையப் பேர் எழுதுகிறார்கள். ரிலே எதையும் உயர்த்துவதில்லை. இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே மின் இணைப்பே கிடையாது, காந்தவிசை மட்டும்தான்.

இனி அந்தப் பக்கம். மூன்று திருகுகள் இருக்கும். பிளக்கிலிருந்து வரும் லைவ் கம்பி (பழுப்பு) நடுவிலுள்ள பொது முனைக்கு. சாதாரண நிலையில் திறந்திருக்கும் முனையிலிருந்து விளக்குக்கு. நியூட்ரல் (நீலம்) ரிலேயைத் தொடாமல் நேராகப் போகவேண்டும். இங்கே நம்மூர்ப் பழக்கம் ஒன்று வில்லங்கம் செய்யும். ரெண்டு கால் பிளக்கை, மேல் ஓட்டையில் பேனாவைக் குத்திச் சொருகுவோம் இல்லையா? அந்தப் பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம். சரியாகப் பொருத்திய ரிலேகூட அப்போது நியூட்ரலில் போய் நின்றுவிடும். பியூஸ் உள்ள மூன்று கால் பிளக்கையே மாட்டுங்கள்.

நிரலில் 'ஆஃப்' என்று எழுதினால் ஆஃப் ஆகிவிடும் என்பதும் உறுதியில்லை. பல ரிலே பலகைகள் 0 வோல்ட் கிடைக்கும்போதுதான் இயங்கும். முனையை வெளியீடாக அறிவித்த உடனேயே, நாம் கேட்காமலே ரிலே ஒருமுறை 'டக்' என்று விழும். அறிவிப்புக்கு முன்பே அந்த முனையை உயர்நிலைக்கு எழுதிவிட்டால் இது வராது. அடுத்தது, ரிலேயின்மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி மோட்டாரையோ தண்ணீர்ப் பம்பையோ இணைப்பது. தொடங்கும் நொடியில் அவை பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், நிரல் என்ன சொன்னாலும் பம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

"வீட்டில் ஈ.எல்.சி.பி. இருக்கே சார்" என்பார்கள். மின்னோட்டம் உடல் வழியே தரைக்குக் கசிந்தால் அது துண்டிக்கும். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் போவதும் வருவதும் சமம். அதற்கு நீங்களும் ஒரு விளக்குதான்!

ஆசிரியர்களுக்கு: வகுப்பில் 230 வோல்ட் வேண்டவே வேண்டாம். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையையோ யூ.எஸ்.பி. விசிறியையோ வைத்துச் செய்யச் சொல்லுங்கள். நிரல், டிரான்சிஸ்டர், 'டக்' சத்தம் எல்லாம் அதேதான். ரிலே பலகையைத் திருப்பிப் பாருங்கள், ஈயம் பற்றவைத்த புள்ளிகள் மூடாமல் கிடக்கும். மேசைமேல் விரல் படும் இடத்தில் வீட்டு மின்சாரம் இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த மாணவனும் கடைசியில் 12 வோல்ட் விளக்கோடுதான் போட்டிக்குப் போனான். கைதட்டினால் அதுவும் எரிந்தது.