கையில் இருக்கும் சதவீதமும் கைவிட்டுப் போன பிழைப்பும்

ஹவுராவின் கோனா எக்ஸ்பிரஸ்வேயில் கார் மோதி ஒருவருக்குக் கால் நிரந்தரமாக ஊனமாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் தருகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார். வருமான இழப்பும் 40 சதவீதம்தான், அதுவும் காலுக்கு மட்டும் போட்ட கணக்கு, முழு உடம்புக்கு இன்னும் குறையும் என்பார். அடிபட்டவரும் சரிதான் போலிருக்கிறது என்று தலையாட்டிவிடுகிறார்.

தலையாட்டத் தேவையில்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் ஊனத்தின் சதவீதத்தையும் வருமான இழப்பையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. இடது கை துண்டான ஓட்டுநருக்கோ தச்சருக்கோ தொழிலே போய்விடலாம். அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை நீடிக்கலாம். விபத்துக்கு முன் என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியும் என்று பார்த்துத்தான் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடிவெடுக்க வேண்டும்.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். 28 வயது லாரி ஓட்டுநர், மாதம் 20,000 ரூபாய் வருமானம், நிரந்தர வேலை இல்லை. ஆண்டுக்கு 2,40,000. எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 17, ஆக 57,12,000. சான்றிதழின் 40 சதவீதத்தை அப்படியே எடுத்தால் 22,84,800 ரூபாய். இனி லாரியே ஓட்ட முடியாது, வேறு தொழிலும் தெரியாது என்று நிரூபித்தால் முழுத் தொகையையும் கேட்கலாம்.

சம்பளச் சீட்டு இல்லாதவர் என்ன செய்வார்? ஹவுராவின் மங்களா ஹாட் சந்தையில் துணி மூட்டை சுமப்பவருக்கு எந்த முதலாளி சான்று தருவார்? கர்நாடகத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், 2014-இல் உச்ச நீதிமன்றம் ரசீது கேட்காமலே மாத வருமானம் 6,500 ரூபாய் என்று ஏற்று, இழப்பை 85 சதவீதம் என்று நிர்ணயித்தது. வங்கிக் கணக்கு விவரமும், சரக்கு எடுக்கும் மண்டிக்காரர், கூட வேலை செய்பவர் ஆகியோரின் சாட்சியமும் இருந்தால் வாதம் இன்னும் வலுக்கும்.

வருமானத்தோடு கணக்கு முடிவதில்லை. வலி, வேதனை, இனி வரும் அறுவை சிகிச்சை, உடனிருந்து பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலி எல்லாமே தனித்தனித் தலைப்புகள். செயற்கைக் கால் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதை மாற்றும் செலவையும் மனுவிலேயே கேட்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

மருத்துவச் சான்றிதழில் எச்சரிக்கை தேவை. சிகிச்சையே தராத டாக்டர் எழுதிய தாளைத் தீர்ப்பாயம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சிகிச்சை தந்தவரோ அரசு மருத்துவக் குழுவோ தந்த சான்றும், தேவைப்பட்டால் அந்த டாக்டரே வந்து சாட்சி சொல்வதும்தான் பலன் தரும். முதல் தகவல் அறிக்கையின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி மனுவை விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, அடிபட்டவர் வசிக்கும் ஊரிலும் போடலாம். ஹவுராவில் அடிபட்டுக் காட்பாடி திரும்பிய தமிழர் வாய்தாவுக்கு வாய்தா ரயிலேற வேண்டியதில்லை. ஹூக்ளி மாவட்ட விபத்துக்குக் கொல்கத்தாவில் போட்ட மனு, அதிகார எல்லையைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொல்கத்தாவில் அலுவலகம் இருந்ததால் 2016-இல் உச்ச நீதிமன்றம் அதைக் காப்பாற்றியது.

மனுப் போட விபத்து நாளிலிருந்து காலவரம்பு ஆறு மாதம். காலம் கடந்ததென்று மனுக்களைத் தள்ளக் கூடாதென 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அதை நம்பிச் சும்மா இருப்பது புத்திசாலித்தனமல்ல. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் படுகாயத்துக்கு அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். ஆகவே வண்டி எண்ணை அன்றே போலீசில் பதிய வைப்பது முக்கியம்.

வரும் தொகையில் இத்தனை சதவீதம் தன் பங்கு என்று கேட்கும் வக்கீலுக்கு உடன்படாதீர்கள். பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் நிதானமாகக் கையெழுத்திடுங்கள்; அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது.