வீட்டுத் தகுதிக்கு ஒரே வருமான எல்லை பொருந்துமா?

அரச வீடமைப்பு உதவி கோரும் குடும்பத்திடம் முதலில் கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று, மாத வருமானம் எவ்வளவு என்பதாகும். சம்பளப் பட்டியல் உள்ளவருக்கு இது இலகுவான வினா. மன்னார்த்தீவின் தாராபுரத்தில் கடற்றொழிலையோ அன்றாடக் கூலியையோ நம்பி வாழ்பவருக்கு அவ்வாறன்று. சோளகம் வீசும் மாதத்தில் ஒரு தொகை, வாடை தொடங்கியபின் வேறொரு தொகை, வலைக்கும் எண்ணெய்க்கும் பட்ட கடனைக் கழித்தால் இன்னொரு தொகை. படிவத்திலோ ஓர் எண்ணுக்கே இடமுண்டு.

அந்த ஓர் எண் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு மாவட்டப் புள்ளிவிபரமே சான்று. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணிப்பின்படி 2012/13இல் மன்னார் மாவட்ட மக்களுள் 20.1 வீதத்தினர் வறியோர், 2016இல் 1.0 வீதத்தினர் மட்டுமே. இடைப்பட்ட காலத்தில் மாவட்டம் செல்வம் கொழித்துவிட்டதா? 2016இல் தேசிய வறுமைக்கோடு ஆளொருவருக்கு மாதம் 4,166 ரூபா நுகர்வுச் செலவாக இருந்தது. அக்கோட்டைச் சற்றே தாண்டிய குடும்பம் கணக்கில் வறியதல்ல. ஆனால் அத்தொகையைக் கொண்டு அத்திவாரமும் இட இயலாது.

பிறநாடுகள் இச்சிக்கலை வேறுவிதமாக அணுகியுள்ளன. அமெரிக்காவில் ஒவ்வொரு பிரதேசத்திற்கும் தனித்தனி வருமான எல்லை ஆண்டுதோறும் வெளியிடப்படுகின்றது. ஒரு பகுதிக் குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே அடிப்படை. அதில் 80 வீதத்திற்கு உட்பட்டோர் குறைந்த வருமானத்தினர், 50 வீதத்திற்கு உட்பட்டோர் மிகக் குறைந்த வருமானத்தினர். நால்வர் கொண்ட குடும்பத்தை அளவாகக் கொண்டு, அங்கத்தவர் தொகைக்கேற்ப எல்லை கூடும், குறையும்.

இராமேஸ்வரக் கரையின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் இயந்திரப் படகு வைத்திருப்பவர் தகுதியற்றவராகக் கருதப்பட்டார். பிழைப்புக்கான கருவியைச் செல்வமாக எண்ணிய இவ்விதி 2024இல் நீக்கப்பட்டது. குடும்பத்தில் எவரும் ஈட்டலாகாத மாத வருமான எல்லையும் 10,000 இலிருந்து 15,000 இந்திய ரூபாவாக உயர்த்தப்பட்டது.

தாராபுரத்திற்கு வருமானத்திற்கு அப்பாலும் ஒரு சிக்கலுண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர்; பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2004இல் உலக வங்கி நிதியுடன் தொடங்கிய வடக்கு கிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டம் ஊரில் இருந்தோருக்கும் ஊர் திரும்பியோருக்குமே எட்டியது. புத்தளத்தில் இருந்தோருக்கென 2007இல் தனித்திட்டம் வந்தது. வேறெங்கும் வீடு இருக்கலாகாது என்னும் வழமையான நிபந்தனையின் முன், அங்கு வீடு பெற்றவர் பூர்வீகக் காணிக்கு மீளும்போது என்ன சொல்வார்? 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பிரதான கட்டம் குடும்பத்திற்கு 550,000 ரூபா வழங்கியது. ஆயின் 1990இல் ஒன்றாக வெளியேறிய குடும்பம், இருபதாண்டுகள் கழித்து மூன்றாகவோ நான்காகவோ பிரிந்திருந்தது. காணியோ ஒன்றே.

நம் வழமையும் இதிற் கலந்துள்ளது. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் மகளின் திருமணத்தின்போது வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே கூரையின் கீழ் ஒதுங்கிவாழும் பெற்றோர் பலர். மருமகனின் உழைப்பையும் சேர்த்து ஒரே குடும்பமாகக் கணக்கிட்டால் முதியவர் எல்லையைத் தாண்டிவிடுவார். அவர் பெயரில் வீடு இராது.

2023இல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும கொடுப்பனவு வருமானத்தை மட்டும் நம்பாமல் கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டின் நிலை முதலான 22 குறிகாட்டிகளை நோக்குகின்றது. வீடமைப்பிலும் இத்தகைய பார்வை வேண்டுமென்பதே எம் கருத்து. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தைப் பருவவாரியாகப் பதிதல், ஒரு கூரையின் கீழுள்ள குடும்பங்களைத் தனித்தனியே எண்ணுதல் ஆகிய இரண்டையும் பிரதேச செயலக மட்டத்திலேயே தொடங்கலாம். படிவத்தில் இரண்டொரு நிரல்களைக் கூட்டினால் போதும்.