கட்டளைவரி கற்பதற்கான தமிழ் வளங்கள்

கட்டளைவரி என்பது சுட்டியால் சொடுக்காமல், விசைப்பலகையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறையாகும். கட்டளைகளை உள்ளிடும் சாளரம் முனையம் எனப்படும்.

தமிழக அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில், விண்டோசுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இதனால் பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர் போன்ற ஊர்களின் மாணவர் வீடுகளுக்கும் முனையம் வந்து சேர்ந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

தமிழ் வழியில் படித்த மாணவருக்கு ஏற்ற தொடக்கம் ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் ஆகும். அதன் லினக்ஸ் வரிசையில் அடிப்படைக் கட்டளைகள், கோப்பு முறைமை, அனுமதிகள் முதலியவை சிறு சிறு காணொளிகளாகத் தமிழ்க் குரலில் விளக்கப்படுகின்றன. ஒரு பக்கம் காணொளி, மறுபக்கம் முனையம் என வைத்து, நிறுத்தி நிறுத்தித் தாமும் செய்து பார்க்க வேண்டும். வெறுமனே பார்த்தால் நீச்சலைக் கரையில் நின்று கற்பது போலத்தான். படித்துக் கற்க விரும்புவோருக்கு, 2012 சனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழின் லினக்ஸ் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு கைவந்தபின் வில்லியம் ஷாட்ஸ் எழுதிய ‘தி லினக்ஸ் கமாண்ட் லைன்’ நூலுக்குச் செல்லலாம். அதுவும் இணையத்தில் இலவசமே.

வளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எந்த இயங்குதளத்துக்கு உரியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கோப்புகளைப் பட்டியலிட லினக்சில் ‘எல்எஸ்’. விண்டோசின் பழைய கட்டளைச் சாளரத்திலோ ‘டிஐஆர்’. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கணினி பழுது என்று மூடிவைப்போர் உண்டு. அடுத்து, கட்டளை என்ன செய்யும் என்று சொன்ன பிறகே தட்டச்சு செய்யச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இது சிறிய விவரமன்று. லினக்சில் ‘ஆர்எம்’ கட்டளையால் நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை, அழிந்துவிடும். வீட்டில் இருப்பதே ஒரு கணினி என்றால், புரியாமல் ஒட்டிய ஒற்றை வரியில் ஓராண்டுக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் போய்விடலாம்.

பலரும் மறந்துவிடும் ஒரு வளம் பெரும்பாலும் லினக்சுக்குள்ளேயே இருக்கிறது. ‘மேன்’ என்று எழுதி, இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரை இட்டால் அதன் கையேடு திறக்கும். இணைய இணைப்புத் தேவையில்லை. வெளியேற ‘கியூ’ விசையை அழுத்த வேண்டும். இந்த மரபு யூனிக்சிலிருந்து வந்தது. அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 எனத் தேதியிடப்பட்டது. கையேட்டின் நடை வறண்டது, ஆங்கிலத்திலேயே இருப்பது. முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் உள்ள பெயர், ஒருவரி விளக்கம், பயன்படுத்தும் வடிவம் ஆகிய மூன்றையும் பார்த்தாலே, ஒட்டவிருக்கும் வரி நீக்குவதா, நகர்த்துவதா, வெறுமனே காட்டுவதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.