நெய்வேலியில் ஓடுபாதை இருந்தும் விமானம் ஏன் வரவில்லை?

கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் ஓடுபாதை உண்டு. 2017இல், சிறு நகரங்களுக்கு மானியத்துடன் விமான சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்திலும் அது இடம்பெற்றது. ஆனாலும் பல ஆண்டுகள் சேவை தொடங்கவில்லை. ஏன்?

தினமும் எத்தனை பேர், என்ன கட்டணத்துக்கு ஏறுவார்கள் என்பதுதான் விமான நிறுவனத்தின் முதல் கணக்கு. அருகிலுள்ள சிதம்பரம், கடலூரிலிருந்து சென்னைக்கு ரயிலும் பஸ்ஸும் தாராளம். பக்கத்திலேயே புதுச்சேரி விமான நிலையம்.

அடுத்தது ஓடுபாதையின் நீளம். உதாரணத்துக்கு, புதுச்சேரியில் அது சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் முழுச் சுமையோடு எழும்ப அது போதாது. அதனால்தான் 2024 டிசம்பரில் இண்டிகோ அங்கே சிறிய ஏ.டி.ஆர். விமானத்தை இறக்கியது. சேவைக்குப் பெங்களூரு, ஐதராபாத் நகரங்களைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: அந்நகரங்களிலிருந்து இணைப்பு விமானங்கள் ஏராளம். டெல்லி செல்பவரும் இதே விமானத்தில் ஏறுவார், இருக்கைகள் நிரம்பும்.

உடான் மானியம் 3 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் சேவையைத் தாங்க வேண்டியது பயணிகள் கூட்டமே. நெய்வேலிக்கும் சென்னையைவிடத் தொலைதூர நகரங்களே பொருத்தமான இலக்கு.