தூய மின்சாரத் திட்டங்களும் குடியிருப்பாளரின் குரலும்

புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டமொன்று உங்கள் அயலில் முன்மொழியப்பட்டால், அதனை ஆதரிக்கவும் எதிர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அக்கருத்தை எங்கு, எவ்வாறு தெரிவிக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

ஸ்காபரோவின் அனுபவம்

2008ஆம் ஆண்டில், ஸ்காபரோ பிளவ்ஸ் கரைக்கு அப்பால் ஒன்ராறியோ ஏரியில் காற்றாலைகளை நிறுவும் வாய்ப்பை ரொறன்ரோ ஹைட்ரோ ஆராயத் தொடங்கியது. கில்ட்வூட் முதலிய கரையோரப் பகுதிகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏரியின் இயற்கைக் காட்சி கெடும், பறவைகள் பாதிக்கப்படும், இரைச்சல் தொல்லையாகும் எனக் குடியிருப்பாளர் பலர் அஞ்சினர். நிலக்கரி மின்நிலையங்களை மூடுவதற்கு இத்தகைய மாற்று வழிகள் இன்றியமையாதவை என ஆதரவாளர்கள் வாதிட்டனர்.

2009இல் ஒன்ராறியோ அரசு இயற்றிய பசுமை எரிசக்திச் சட்டம், இத்தகைய திட்டங்களை உள்ளூராட்சியின் நிலப்பயன்பாட்டு அதிகாரத்திலிருந்து விலக்கியது. தீர்மானம் தங்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்ற மனக்குறையை இது மாகாணமெங்கும் வளர்த்தது. 2011 பெப்ரவரியில், மேலும் அறிவியல் ஆய்வு தேவை எனக் கூறி, ஏரிகளில் காற்றாலை அமைப்பதை மாகாண அரசு இடைநிறுத்தியது. ஸ்காபரோத் திட்டமும் அத்துடன் நின்றது.

இதற்கு மாறான அனுபவமும் இந்நகருக்கு உண்டு. 2002ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸிபிஷன் பிளேஸ் வளாகத்தில் எழுப்பப்பட்ட காற்றாலையில், கூட்டுறவுச் சங்கமொன்றின் வாயிலாகப் பொதுமக்களும் பங்குதாரர் ஆயினர்.

இன்றைய நிலை

பசுமை எரிசக்திச் சட்டம் 2019 ஜனவரி முதலாம் திகதியுடன் நீக்கப்பட்டது. நிலப்பயன்பாட்டு அதிகாரம் மீண்டும் உள்ளூராட்சிகளைச் சேர்ந்தது. எனவே, நகரசபைக்கு நீங்கள் தெரிவிக்கும் கருத்து முன்னரைவிடக் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றது.

நீங்கள் செய்யக்கூடியவை

• 311 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். உங்கள் தொகுதியின் நகரசபை உறுப்பினர் யார் என்பதையும் அங்கு கேட்டறியலாம்.
• திட்டம் பற்றிய பொதுக்கூட்டங்களுக்குத் தொடக்கத்திலேயே செல்லுங்கள். தூரம், உயரம், இரைச்சல் அளவு, மின்கட்டணத்தின் மீதான தாக்கம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள்.
• விடயம் நகரசபைக் குழுவின் முன் வரும்போது, முன்கூட்டியே பதிவுசெய்து நேரில் பேசலாம். எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். நகரசபையின் முழு அமர்வில் பொதுமக்கள் பேச இயலாது. ஆதலால் குழுக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.
• வீட்டு உரிமையாளர் மட்டுமன்றி, வாடகைக்குக் குடியிருப்போரும் கனடியக் குடியுரிமை பெறாதோரும் குழுவின் முன் பேசலாம்.
• உங்கள் பெயரும் கருத்தும் பொதுப் பதிவேட்டில் இடம்பெறும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

“வேண்டாம்” என்றோ “வேண்டும்” என்றோ மட்டும் கூறுவதைவிட, எந்த இடத்தில், எந்த நிபந்தனையுடன் திட்டம் ஏற்கத்தக்கது என்று குறிப்பிடும் கருத்து, தீர்மானிப்போருக்குக் கூடுதல் பயன் தரும்.