கொல்லையில் நோய் தாங்கும் இலந்தை

நாகப்பட்டினம் மாவட்டத்தின் கீழ்வேளூரில் ஆப்பிள் மரம் காய்க்குமா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில், காய்க்காது என்பதுதான். ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் உறங்கும். அந்த உறக்கம் கலைந்து மொட்டு விரிய, பெரும்பாலான வகைகளுக்கு 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏறத்தாழ ஆயிரம் மணி நேரக் குளிர் வேண்டும். நம் மார்கழி எவ்வளவு பனி பெய்தாலும் அந்தக் கணக்கில் ஒரு மணி நேரம்கூடச் சேராது. இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா கண்டெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 போன்ற, குளிர் குறைவாகக் கேட்கும் வகைகள் சமவெளியிலும் காய்த்திருக்கின்றன. ஆனாலும் காவிரி டெல்டாவின் களிமண்ணையும் கடலோர ஈரக்காற்றையும் வைத்துக்கொண்டு, கொல்லையில் இருக்கும் ஒரே நல்ல இடத்தை அதற்கு ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்துக்கு உரியது இலந்தை. கீழ்வேளூர் கேடிலியப்பர் கோயிலின் தல மரமே இலந்தைதான். இந்த ஊரைப் பதரி வனம், அதாவது இலந்தைக் காடு என்று தலபுராண மரபு சொல்கிறது. ஆழமாக வேர் இறக்குவது, உப்பு ஏறிய மண்ணையும் பொறுத்துக்கொள்வது, கோடையில் தண்ணீர் இல்லாமலும் உயிர் பிடித்து நிற்பது ஆகிய மூன்றும் அதன் இயல்பு. கடைமடைப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பழமரம் அதிகம் இல்லை. இப்போது நர்சரிகளில் கிடைக்கும் ஆப்பிள் இலந்தை, தாய்லாந்திலிருந்து வந்த வகை. பச்சை ஆப்பிள் போலப் பெருத்த காய், முள் குறைவு, நட்ட ஓராண்டிலேயே காய்ப்பு என்று எல்லாரையும் இழுக்கிறது. அதில் வரும் தொல்லை நோய்தான்.

“நோய் எதிர்ப்பு வகை” என்று சொல்லிக் கன்று விற்றால், எந்த நோய்க்கு என்று முதலில் கேளுங்கள். எல்லா நோயையும் தாங்கும் மரம் எங்கும் கிடையாது. கொல்லை இலந்தைக்கு இங்கே முக்கியமான எதிரிகள் மூன்று. முதலாவது சாம்பல் நோய். பிஞ்சில் வெள்ளை மாவு பூத்தாற்போல் தொடங்கி, பிறகு தோல் பழுப்பாகிச் சொரசொரத்து வெடித்து, காய் உதிர்ந்துவிடும். இரண்டாவது கரும்புள்ளி நோய். இலையின் அடிப்பக்கத்தில் கரி அப்பியது போன்ற திட்டுகள் தோன்றி, இலை மஞ்சளாகி விழும். மூன்றாவது பழ ஈ. இது நோயல்ல, பூச்சி. பழத்தைக் கடித்தால் உள்ளே புழு நெளிவது இதனால்தான்.

இவற்றில் சாம்பல் நோயை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் பருவமும் அதன் பருவமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. பூஞ்சை நோய் என்றாலே மழைதான் காரணம் என்று நினைக்கிறோம். இந்தப் பூஞ்சை அப்படியல்ல. கொட்டும் மழை அதன் வித்துகளைக் கழுவிவிடும். அதற்கு வேண்டியது குளிர்ந்த இரவும், காற்றில் ஈரமும், காலைப் பனியும். பூஞ்சை தோலின் மேலேயே படர்ந்து, நுண்ணிய உறிஞ்சு வேர்களை மேலடுக்குச் செல்களுக்குள் செலுத்திச் சத்தை எடுக்கிறது. இலந்தை பூத்துப் பிஞ்சு பிடித்த பிறகு ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகைக் கடைசியில் பனி விழத் தொடங்குகிறதே, அப்போதுதான் பிஞ்சுகள் இளந்தோலோடு இருக்கின்றன. மார்கழி முழுக்க இதுதான் நிலை.

அதனால் நோய் தாங்கும் மரத்தைத் தேட ஏற்ற காலமும் அதுவே. கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை உங்கள் தெருவிலும் வாய்க்கால் கரையிலும் இருக்கும் இலந்தை மரங்களைப் போய்ப் பாருங்கள். பட்டாணி அளவுப் பிஞ்சையும் கிளை நுனியின் கொழுந்தையும் திருப்பிப் பாருங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறந்த வெளியில், காலை வெயிலும் காற்றும் படும் இடத்தில் தனியாக நிற்கும் மரம் சுத்தமாக இருந்தால், அது நோயைத் தாங்குகிறது என்று முடிவு கட்ட முடியாது. பனி சீக்கிரம் காய்ந்துவிட்டதால் தப்பியிருக்கலாம். பக்கத்து மரம் முழுவதும் வெள்ளை பூத்து நிற்க, கிளையோடு கிளை உரசும் தூரத்திலேயே ஒரு மரம் சுத்தமாக நின்றால் அதுதான் நாம் தேடும் மரம். அடுத்த மார்கழியிலும் அப்படியே நின்றால் நம்பலாம். இலையில் கொஞ்சம் மாவு இருந்தும் காய் சுத்தமாக இருக்கிற மரமும் நமக்குப் போதும்.

வகைப் பெயர்களும் ஓரளவு வழிகாட்டும். பஞ்சாபில் சனூர்-2 சாம்பல் நோயை நன்றாகத் தாங்கும் வகையாகச் சொல்லப்படுகிறது. பிகானீரில் உள்ள மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனத்தின் ஆய்வுகளில் டிக்கடி, கத்தா, இலாய்ச்சி ஆகியவை பழ ஈயை எதிர்த்து நின்றன. அந்தப் பழங்களில் பீனால், டானின் போன்ற துவர்ப்புப் பொருள்கள் கூடுதலாக இருந்ததும் தெரிந்தது. நாட்டு இலந்தையின் துவர்ப்பைக் குறையாக நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிகானீரின் வறண்ட காற்றிலும் பஞ்சாபின் குளிரிலும் நல்ல பெயர் எடுத்த மரம் நாகப்பட்டினம் மாவட்டத்தின் ஈரக்காற்றில் எப்படி இருக்கும் என்பதை இங்கே வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். நான் ஊர் மரத்தை வலியுறுத்துவது அதனால்தான்.

ஊர் மரமானாலும் ஒரே வகையை மட்டும் நம்பக் கூடாது என்பதை ஆப்பிள் உலகின் அனுபவம் சொல்கிறது. 1973-இல் காஷ்மீர்த் தோட்டங்களைச் சொறி நோய் பெரிதாகத் தாக்கியது. அதற்கு முன்பே அமெரிக்காவில், அழகுக்காக வளர்க்கப்படும் ஒரு ஜப்பானியக் காட்டு ஆப்பிளிலிருந்து அந்த நோயை எதிர்க்கும் மரபணுவை எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கலப்பு செய்து, 1970-இல் ‘பிரிமா’ என்ற வகையை வெளியிட்டார்கள். பிறகு ‘லிபர்ட்டி’ போன்றவை வந்தன. பல வகைகளும் அந்த ஒரே மரபணுவை நம்பியிருந்ததால், 1990-களில் ஐரோப்பாவில் அதை மீறும் பூஞ்சை இனங்கள் தலைகாட்டின. ஒரே வகையைத் தெரு முழுக்க நடுவதில் உள்ள ஆபத்து இது. இலந்தையில் இன்னொரு காரணமும் உண்டு. சில இலந்தை வகைகள் தம் மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை. எனவே வீட்டுக்கு இரண்டு வகையாவது இருப்பது நல்லது.

தேர்ந்தெடுத்த மரத்தின் கொட்டையைப் போட்டால் அதே குணம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மொட்டு ஒட்டுத்தான் கட்ட வேண்டும். நாட்டு இலந்தைக் கொட்டைகளை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைத் தள்ளிவிடுங்கள். ஓட்டை மெதுவாக உடைத்துப் பருப்பை எடுத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். இலந்தையின் ஆணிவேர் இடமாற்றத்தை விரும்பாது. ஆகவே மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே மாசியில் விதைத்துவிட்டு, தண்டு பென்சில் கனம் ஆனதும் ஆனி, ஆடியில் அங்கேயே ஒட்டுவது சிறந்தது. கொல்லையில் ஏற்கனவே நாட்டு மரம் இருந்தால் வேலை இன்னும் எளிது. பங்குனியில் அதை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு, புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில் நல்லதாக மூன்று நான்கை வைத்துக்கொண்டு, அவற்றில் நோய் தாங்கும் மரத்தின் மொட்டை ஏற்றலாம். பழைய வேரின் வலுவில் அடுத்த பருவத்திலேயே காய் பார்க்கலாம். ஒட்டுக்குக் கீழிருந்து முள்ளோடு வரும் போத்துகளை வந்ததும் கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் சில மாதங்களில் அவை ஒட்டை அமுக்கிவிடும்.

நடும்போது தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மண்மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். வளர்ந்த மரம் சில நாள் தேங்கும் தண்ணீரைத் தாங்கினாலும் சிறு கன்று தாங்காது. பக்கத்தில் சுவரோ தென்னையோ காலை வெயிலை மறைக்காத இடமாகப் பாருங்கள்.

ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் மாசி, பங்குனியில் கவாத்து செய்தாக வேண்டும். புதுக் கிளையில்தான் இலந்தை காய்க்கும். போன பருவத்தின் பூஞ்சை தங்கியிருக்கும் மொட்டுகளும் வெட்டிய கிளைகளோடு போய்விடும். கிளைகளைக் குவித்து எரித்துவிடுங்கள். மரம் குட்டையாக இருந்தால் புயலுக்கும் தாக்குப்பிடிக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது உயர்ந்த மரங்கள் பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு தாங்கும் மரமானாலும் பனி கடுமையான ஆண்டில் கொஞ்சம் மாவு தென்படலாம். பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போதே, நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மாலையில் தெளியுங்கள். தேவைப்பட்டால் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். பழ ஈக்கு மருந்தைவிடக் கை வேலைதான் பலன் தரும். உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி அழித்துவிட்டு, கோடையில் மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் சாகும். கண்ட நோய் எது என்று சந்தேகம் வந்தால், நோயுற்ற இலையையும் காயையும் ஈரம் படாமல் காகித உறையில் போட்டு, சிக்கலில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, கீழ்வேளூரிலேயே இயங்கும் வேளாண் கல்லூரிக்கோ எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனால் வழியிலேயே அழுகி, அடையாளம் காண முடியாமல் போகும்.