ஒரு ஷரத்தும் பத்து லட்சம் டாலரும்: செனட்டர் சினிமாவின் கணக்கு

அமெரிக்க அரசியல்வாதி ஒருவரைப் பற்றி "அவர் இன்னார்கிட்ட காசு வாங்கிட்டார், அதான் அப்படி ஓட்டுப் போட்டார்" என்று சொல்லிவிடுவது ரொம்ப சுலபம். அங்கே வாங்கிய நன்கொடையும் பொதுப் பதிவில் இருக்கிறது, போட்ட ஓட்டும் பொதுப் பதிவில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு கோடு கிழித்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கோடு எவ்வளவு எடை தாங்கும்? இதைப் பார்க்கத்தான் ஒரே ஒரு செனட்டரை எடுத்துக்கொண்டேன். அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா. (பெயரே அதுதான். இந்தக் கட்டுரையில் சினிமா என்றால் படம் இல்லை, அவர்தான்.)

2019 முதல் 2025 ஜனவரி வரை செனட்டர். அதற்கு முன் ஆறு ஆண்டு கீழவையில். இளம் வயதில் பசுமைக் கட்சிப் பக்கம் இருந்தவர், சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர். அங்கிருந்து கிளம்பியவர் 2021 மார்ச்சில் 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கு எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டி ஓட்டுப் போட்டார். உள்கட்டமைப்புச் சட்டம், 2022 துப்பாக்கிச் சட்டம், ஒருபால் திருமணத்தைப் பாதுகாக்கும் சட்டம் இவற்றிலெல்லாம் இரு கட்சிக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் பார்க்க நினைப்பது 2022 ஆகஸ்டில் ஒரு வாரம். அதற்கு முன் "கேரிட் இன்ட்ரஸ்ட்" என்றால் என்ன என்று தெரிய வேண்டும். பெயரில் இன்ட்ரஸ்ட் இருக்கிறதே தவிர, வட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம்ம ஊரில் வாரத்துக்கு உழுவது தெரியும் இல்லையா? நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலில் பங்கு. பிரைவேட் ஈக்விட்டி நிர்வாகிகள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், பெரும் பணக்காரர்கள் இவர்களிடம் பணம் திரட்டி கம்பெனிகளை வாங்குவார்கள், சில ஆண்டு கழித்து விற்பார்கள். வழக்கமான கூலி, ஆண்டுக்கு 2 சதவீதம் கட்டணம், லாபத்தில் 20 சதவீதம் பங்கு. அந்த 20 சதவீதம்தான் கேரிட் இன்ட்ரஸ்ட். போட்ட முதலில் பெரும்பகுதி அடுத்தவருடையது, எனவே இது உழைப்புக்குக் கிடைத்த கூலி என்பது ஒரு கட்சி. கூலி என்றால் உச்ச வருமான வரி 37 சதவீதம். ஆனால் அமெரிக்கச் சட்டம் இதை முதலீட்டு லாபமாகப் பார்க்கிறது, அதற்கு உச்ச விகிதம் 20 சதவீதம். மேலே ஒரு 3.8 சதவீதம் சேரலாம். அப்படியும் இடைவெளி பெரிது.

இதை மூடுவேன் என்று ஒபாமா சொன்னார். 2016 தேர்தலில் டிரம்ப்பும் சொன்னார். 2017-இல் வந்த டிரம்ப் வரிச் சட்டம் செய்தது இவ்வளவுதான்: சொத்தை மூன்று ஆண்டாவது வைத்திருந்தால்தான் இந்தச் சலுகை. பிரைவேட் ஈக்விட்டி கம்பெனிகள் பொதுவாக அதைவிட அதிக காலம் வைத்திருந்துதான் விற்கும். ஆக, பூட்டு போட்ட மாதிரியும் ஆச்சு, கதவு திறந்த மாதிரியும் ஆச்சு.

2022-க்கு வருவோம். செனட் 50-க்கு 50. வரி, செலவு பற்றிய அந்த மசோதாவை வெறும் பெரும்பான்மையிலேயே நிறைவேற்றலாம். குடியரசுக் கட்சியில் ஒருவரும் ஆதரிக்கவில்லை. எனவே ஜனநாயகக் கட்சித் தரப்பின் 50 பேரும் துணை அதிபரின் ஓட்டும் வேண்டும். அதாவது ஐம்பது பேரில் யார் முறைத்துக்கொண்டாலும் அவர்தான் ராஜா. ஜூலை 27 அன்று சூமரும் மேன்ச்சினும் ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். அதில் கேரிட் இன்ட்ரஸ்ட் மாற்றமும் இருந்தது: மூன்று ஆண்டை ஐந்தாக்குவது. ஒழிப்பது இல்லை, கவனியுங்க. பத்து ஆண்டில் கிடைக்கும் வரி சுமார் 1,400 கோடி டாலர். அத்தனை பெரிய மசோதாவில் இது சின்ன ஷரத்து.

ஆகஸ்ட் 4 இரவு சினிமா சம்மதம் சொன்னார். அந்த ஷரத்து போய்விட்டது. அதை எடுக்காவிட்டால் அவர் ஓட்டுப் போட மாட்டேன் என்றதால் வேறு வழியில்லை என்று சூமரே வெளிப்படையாகச் சொன்னார்.

பணக் கணக்கு இப்போது. அதற்கு முந்தைய ஓராண்டில் பிரைவேட் ஈக்விட்டி, ஹெட்ஜ் ஃபண்ட், வென்ச்சர் கேப்பிட்டல் தரப்பிலிருந்து சினிமாவுக்கு வந்தது கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் என்று அசோசியேட்டட் பிரஸ் கணக்கிட்டது. அதற்கு முன் அவர் காங்கிரஸில் இருந்த அத்தனை ஆண்டும் சேர்த்து அந்தத் துறை கொடுத்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

"கம்பெனி கொடுத்தது" என்று நாம் பேசுகிறோமே, வேட்பாளருக்கு கம்பெனி நேரடியாகக் கொடுப்பதை அமெரிக்கா 1907-லேயே தடை செய்துவிட்டது. அங்கே வேலை பார்ப்பவர்கள் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள், அல்லது அரசியல் நடவடிக்கைக் குழு வழியாக வருகிறது. 2021-22-இல் ஒரு தனிநபர் ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 2,900 டாலர்தான் தரலாம். 200 டாலரைத் தாண்டினால் அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதும் பதிவாகும். அதை வைத்துத்தான் இந்தக் கூட்டல்கள் வருகின்றன. தனிநபர் உச்சவரம்பு இவ்வளவு சிறியதாக இருந்தும் பத்து லட்சத்தை நெருங்குகிறது என்றால், பல பேர் சேர்ந்து ஒரே திசையில் நகர்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எதிர்த் தரப்பையும் பார்க்கணும். வரி விகிதங்களை உயர்த்துவதை சினிமா 2021 முழுவதும் எதிர்த்தார். அது திடீர் ஞானோதயம் இல்லை. ஷரத்தை எடுத்ததற்குப் பதிலாக மசோதாவில் நுழைந்தது, கம்பெனிகள் தங்கள் பங்குகளைத் தாங்களே திரும்ப வாங்குவதற்கு 1 சதவீத வரி. பத்து ஆண்டில் சுமார் 7,400 கோடி டாலர். விட்டதைப் போல் ஐந்து மடங்கு! அரிசோனாவுக்குத் தேவையான ஒன்றும் வந்தது: கொலராடோ ஆற்றுப் படுகை வறட்சியைச் சமாளிக்க 400 கோடி டாலர். பணக்காரர்களுக்கு வரியே கூடாது என்று அவர் நின்றார் என்பது பொருந்தாது.

அப்படியானால் அவர் எதற்காக நின்றார்? எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். வரி மொத்தத்தில் கூடினாலும் பரவாயில்லை, அந்த ஒரு துறையின் மேல் மட்டும் விழக் கூடாது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, பெரிய கம்பெனிகளுக்கான 15 சதவீதக் குறைந்தபட்ச வரி பற்றி ஒரு திருத்தம் வந்தது. பிரைவேட் ஈக்விட்டி கையில் இருக்கும் கம்பெனிகளின் லாபத்தை ஒன்றாகக் கூட்டி 100 கோடி டாலர் வரம்பைத் தொட வைப்பதைத் தடுக்கும் திருத்தம். கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சியின் தூன். சினிமாவோடு சேர்த்து ஏழு ஜனநாயகக் கட்சியினர் ஆதரித்து 57-43-இல் நிறைவேறியது. ஒரு வாரத்தில் இரண்டு முறை, ஒரே துறை. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனாலும் "காசுக்கு ஓட்டு" என்று எழுத மாட்டேன். பணம் அவர் மனதை மாற்றியதா, ஏற்கனவே அப்படி நினைப்பவர் என்பதால் பணம் வந்ததா என்று பதிவேடு பிரித்துச் சொல்லாது. பதிவேடு சொல்வது வேறு. ஐந்தாண்டு யோசனை கீழவையின் வரைவில் வந்தது 2021 செப்டம்பரில். பணம் பெருகியதும் அந்தக் காலத்தில்தான். 49 பேரின் கருத்தை மாற்ற யாரும் செலவு செய்ய வேண்டியதில்லை, ஐம்பதாவது ஆளிடம் ஒரு போன் போட்டால் எடுத்துப் பேசும் அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும். நன்கொடை வாங்கித் தருவது பெரும்பாலும் அந்தப் பழக்கத்தை.

மசோதா 51-50-இல் நிறைவேறியது. அந்த டிசம்பரில் சினிமா கட்சியிலிருந்து விலகி சுயேச்சை ஆனார். 2024-இல் மீண்டும் போட்டியிடவில்லை. 2025-இல் ஹோகன் லவல்ஸ் என்ற பெரிய சட்ட நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். அதே ஆண்டு டிரம்ப் மறுபடியும் கேரிட் இன்ட்ரஸ்ட் சலுகையை மூடச் சொன்னார். இரு அவைகளிலும் அவர் கட்சிக்கே பெரும்பான்மை, சினிமா செனட்டிலேயே இல்லை. ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டத்தில் அந்த மூன்று ஆண்டு விதி அப்படியே இருந்தது.